ரிதம் கிட்டார் மட்டும் வாசித்த ரிக் பார்ஃபிட்டை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு_ரிதம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் தர்மபுரி பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன், அதாவது பாட்டுக்கு அடியில் தாளத்தோடு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அடிப்பது. மாரியம்மன் பண்டிகை, கல்யாண வரவேற்பு, காதுகுத்து, எது வந்தாலும் போவோம். பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், சில சமயம் ஊத்தங்கரை வரைக்கும். சீசன் என்றால் விடிய விடிய வாசித்துவிட்டு அப்படியே வேனில் தூங்கி அடுத்த ஊரில் இறங்க வேண்டியதுதான்.

விஷயம் என்னவென்றால், கொஞ்ச நாளாகக் குழுவுக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. கீபோர்டிலேயே கிட்டார் டோன் இருக்கிறது, தனி மெட்டு வாசிக்கிற லீடுக்கு ஒருத்தர் இருக்கிறார், அப்புறம் ரிதமுக்கென்று தனியாக ஒரு ஆள் எதற்கு, ஒரு பங்கு மிச்சமாகுமே என்று. என்னிடம் நேராக யாரும் சொல்லவில்லை. ஆனால் போன பண்டிகையில் மிக்சரில் என் கிட்டாரை எந்த அளவுக்கு இறக்கி வைத்திருந்தார்கள் என்றால், நான் அடிப்பது மேடையில் நின்ற எனக்கே கேட்கவில்லை. பாட்டு பாட்டாக வாசித்தேன், யாருக்காக வாசிக்கிறேன் என்றே தெரியவில்லை.

அந்த மனநிலையில் இருந்தபோதுதான் 1985இல் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரியின் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம், முதல் குழுவாக ஸ்டேட்டஸ் குவோ என்ற பிரிட்டிஷ் ராக் குழு. அதில் பொன்னிற நீள முடியோடு ஒருத்தர், வெள்ளை டெலிகாஸ்டர் கிட்டார், கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு ஆரம்பம் முதல் முடிவு வரை ரிதம் மட்டும்தான் அடிக்கிறார். ஒரு சோலோ (தனி வாசிப்பு) கிடையாது. ஆனால் என் கண் அவரை விட்டு நகரவில்லை. பெயர் ரிக் பார்ஃபிட் என்று தெரிந்தது, கீழே கருத்துகளில் அவரை ஒரு சாமி மாதிரி எழுதுகிறார்கள்.

இவர் யார், எப்படி வந்தார், வெறும் ரிதம் வாசித்தே ஒரு ஆள் எப்படி இவ்வளவு பெரிய பெயர் எடுக்க முடிந்தது? அந்தச் சத்தம் எப்படி வருகிறது? நான் அதே கார்டுகளை அடித்துப் பார்த்தால் சோனியாக இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் ராக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.


ஓசூர்_டெலி

தம்பி, சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முழுப்பெயர் ரிச்சர்ட் ஜான் பார்ஃபிட். 1948 அக்டோபர் 12, இங்கிலாந்தில் சரே மாவட்டத்து வோக்கிங் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா இன்ஷூரன்ஸ் விற்றவர், அம்மா கேக் கடைகளில் வேலை பார்த்தவர். இசைப் பரம்பரை எல்லாம் ஒன்றும் கிடையாது. 11 வயதில் கிட்டார் எடுத்தார். பதின்ம வயதிலேயே விடுமுறை முகாம்களில் பாடி வாசித்துச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தொழிலாளர் குடும்பங்கள் வருஷத்துக்கு ஒருமுறை கடலோர முகாம்களில் போய்த் தங்கும், ராத்திரி அவர்களுக்குப் பாட்டும் கூத்தும் நடக்கும். அங்கே தினம் தினம் வெவ்வேறு ஜனங்கள் முன்னால் நின்று வாசிப்பதுதான் இவருக்குப் பள்ளிக்கூடம். நீங்கள் பண்டிகை மேடைகளில் படிக்கிற அதே பாடம்தான்.

1965இல் மைன்ஹெட் என்ற ஊரில் பட்லின்ஸ் முகாமில் வாசிக்கிறார். அப்போது ஹாரிசன் என்ற இரட்டைச் சகோதரிகளோடு சேர்ந்து 'தி ஹைலைட்ஸ்' என்று மூவர் குழு. அதே முகாமுக்கு லண்டனிலிருந்து 'தி ஸ்பெக்டர்ஸ்' என்ற பையன்கள் குழு வந்திருக்கிறது, அதில் கிட்டாரும் பாட்டும் ஃபிரான்சிஸ் ரோஸி. இரண்டு பேருக்கும் அங்கேதான் பழக்கம். 1967இல் ரிக் அந்தக் குழுவில் சேர்ந்தார், அதே வருஷம் குழுவின் பெயரும் ஸ்டேட்டஸ் குவோ ஆனது. அன்று சேர்ந்தவர் 2016 வரை அதே குழுவில், அதே ரோஸி பக்கத்தில் நின்றார். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்! நம் ஊரில் ஒரு குழு ஐந்து சீசன் பிரியாமல் இருந்தாலே பெரிய விஷயம்.

1968இல் முதல் ஹிட் 'பிக்சர்ஸ் ஆஃப் மேட்ச்ஸ்டிக் மென்'. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 7ஆவது இடம், அமெரிக்காவில் 12. ஆனால் அது அந்தக் காலத்து சைக்கடெலிக் பாணி, பூப்போட்ட சட்டை, சுருக்கம் வைத்த கை. இவர்களுக்கு அது ஒட்டவே இல்லை. அடுத்து வந்தவற்றில் பல சரியாகப் போகவில்லை. 1970 வாக்கில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு ஜீன்ஸ், டீ-ஷர்ட்டில் மேடை ஏறி, ஒரே தாள நடையை விடாமல் அடித்து நொறுக்கும் பூகி ராக் வாசிக்க ஆரம்பித்தார்கள். சின்னச் சின்ன கிளப், கல்லூரி என்று ஊர் ஊராகப் போய்க் கூட்டத்தைச் சேர்த்தார்கள். 1972 கடைசியில் 'பைல்டிரைவர்' ஆல்பம் வந்தது, அதற்கப்புறம் பின்வாங்கவே இல்லை. 1973இல் 'ஹலோ!' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். 1975 ஜனவரியில் 'டவுன் டவுன்' பாட்டும் முதலிடம். 60க்கு மேற்பட்ட பாடல்கள் பிரிட்டன் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் குழுவில் லீடு வேறு, ரிதம் வேறு என்று கோடு போட்டுப் பிரிக்கிற கதை கிடையாது. பெரும்பாலான பாட்டுகளில் ரோஸியும் ரிதம்தான் அடிப்பார், சோலோ வரும்போது மட்டும் விலகிப் போவார். அவர் விலகுகிற நேரத்தில் பாட்டு ஒரு இம்மி கூட மெலிந்து போகாது பாருங்கள், அங்கே நிற்கிறார் ரிக். 1976 அக்டோபரில் கிளாஸ்கோ அப்பல்லோ அரங்கில் பதிவு செய்து 1977இல் வந்த 'லைவ்!' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். சோலோவைக் கேட்காதீர்கள், சோலோவுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஒரு சுவர் நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும்.


அரூர்_கீபோர்டு

நான் கீபோர்டு வாசிப்பவன், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்டஸ் குவோ கேட்டிருக்கிறேன். நல்ல உற்சாகமான குழு, மறுக்கவில்லை. ஆனால் மூன்று கார்டு, ஒரே ஷஃபிள் (ஊஞ்சலாடுகிற மாதிரித் தாள நடை), பாட்டுக்குப் பாட்டு அதே வேகம். இங்கிலாந்துப் பத்திரிகைகளே இதை வைத்து அவர்களை விமர்சித்திருக்கின்றன. ஜான் லெனன், பீட் டவுன்ஷெண்ட், கீத் ரிச்சர்ட்ஸ் என்று ரிதம் கிட்டாரில் எவ்வளவோ புதிதாகச் செய்த பிரிட்டிஷ்காரர்கள் இருக்கும்போது, இவரை ஏன் தலையில் தூக்கி வைக்க வேண்டும்?

இன்னொன்று. கேள்வி கேட்ட நண்பர் தப்பாக நினைக்கக் கூடாது. நம் குழுக்களில் ரிதம் கிட்டாரை ஏன் குறைக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வாசிப்பது சினிமாப் பாட்டு. ஒரிஜினலில் ஸ்டிரிங்ஸ் (வயலின் கூட்டம்), பேடு (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சத்தம்), பெல்ஸ், புல்லாங்குழல் எல்லாம் இருக்கும், அத்தனையையும் கீபோர்டுதான் தூக்க வேண்டும். கிட்டார் அதே இடத்தில் வந்து ஆறு கம்பியையும் ஒரு விரலால் அழுத்தி முழு பார் கார்டாக விடாமல் அடித்தால் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல்தான். சவுண்டுக்காரர் யாரைக் குறைப்பார்? பாடகரைக் குறைக்க முடியாது. என்னைக் குறைத்தால் பாட்டே அடையாளம் தெரியாது. கடைசியில் கிட்டாரின் வால்யூம்தான் இறங்கும்.


காவேரிப்பட்டணம்_டிரம்ஸ்

அரூர் அண்ணா சொன்ன இரண்டாவது விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். முதல் விஷயத்தில் மட்டும் நான் ஒரு டிரம்மராகச் சண்டைக்கு வருகிறேன்.

"ஒரே ஷஃபிள்" என்று ஒரு வார்த்தையில் கடந்து போய்விட்டீர்கள். அந்த ஷஃபிளை நாலு நிமிஷம் இம்மி பிசகாமல் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நம் கணக்கில் சொன்னால் திஸ்ரம். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் த-கி-ட என்று மூன்று. அதில் நடுவில் உள்ள 'கி' ஒலிக்காது, 'த'வும் 'ட'வும் மட்டும். அந்த ஒலிக்காத 'கி' எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் சுருங்கினால் பாட்டு ஓட ஆரம்பிக்கும், கொஞ்சம் நீண்டால் சோம்பேறித்தனமாகும். வேகம் ஏற ஏற அந்த இடைவெளியைக் காப்பாற்றுவது பெரிய பாடு. ரிக் அதைக் கை முழுவதும் வீசி, அத்தனை பலத்தோடு, ஒரு முழுக் கச்சேரி அடிப்பார், அப்படியும் அந்த இடைவெளி மாறாது. அது இயந்திரம் போல அடிப்பதும் இல்லை, மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

நாதஸ்வரக் கச்சேரியில் எல்லாரும் நாதஸ்வரத்தையும் தவிலையும்தான் பார்ப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் ஒரு தட்டுப் பிசகினால்தான் அவர் இருந்ததே தெரியும். பார்ஃபிட் செய்த வேலை அது, ஆனால் அவர் அதை மேடையின் முன்வரிசைக்கே கொண்டுவந்தார், பத்தாயிரக்கணக்கான பேரைத் தாளத்தைப் பார்க்க வைத்தார்.

அவர்களுடைய முதல் டிரம்மர் ஜான் காக்லன், 1981 வரை இருந்தவர். அந்தக் காலப் பதிவுகளில் டிரம்ஸில் உள்ள ஹை-ஹேட் என்ற இரட்டைத் தாளத்தட்டும் ரிக்குடைய வலது கையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு போகும். ஒரு டிரம்மருக்கு அப்படி ஒரு கிட்டார் பக்கத்தில் இருந்தால், பாதி பாரம் குறைந்த மாதிரி. எனக்கு அப்படி ஒருத்தர் வாசிக்கிற அன்றைக்குத் தோள் வலியே தெரிவதில்லை. கீபோர்டில் உள்ள கிட்டார் டோன் எனக்கு அந்த வேலையைச் செய்து தரவே தராது. அது ஒலிக்கும். ஆனால் நான் கொஞ்சம் முன்னே போனால் இழுத்துப் பிடிக்காது.

பாலக்கோடு தம்பி, உங்கள் டிரம்மரிடம் ஒரு முறை கேளுங்கள், ரிதம் கிட்டார் வேண்டுமா வேண்டாமா என்று. அவர் பதில்தான் முக்கியம். லீடருக்கும் அது தெரிய வேண்டும்.


பாலக்கோடு_ரிதம்

ரொம்ப நன்றி, மூன்று பேருக்கும். அரூர் அண்ணா, நீங்கள் சொன்னது எனக்கு வருத்தம் இல்லை. யோசித்துப் பார்த்தால் நான் எல்லாப் பாட்டிலும் ஆறு கம்பியையும் அடிக்கிறேன், உண்மைதான்.

ஓசூர் அண்ணா, அந்த ஆல்பம் கேட்டேன். சுவர் என்று நீங்கள் சொன்னது புரிந்தது. அதை என் கிட்டாரில் எப்படிக் கொண்டுவருவது? என்னிடம் இருப்பது சாதாரண எலக்ட்ரிக், மெல்லிய கம்பி, சின்ன ஆம்ப். அப்புறம் இவர் பாட்டு எழுதியிருக்கிறாரா, இல்லை மற்றவர்கள் எழுதியதை வாசித்தது மட்டும்தானா?


ஓசூர்_டெலி

முதலில் பாட்டு. நிறைய எழுதியிருக்கிறார். 1976இல் வந்த 'ரெயின்' முழுக்க அவருடையது, பாடியதும் அவர்தான், பிரிட்டனில் 7ஆவது இடம் வரை போனது. குழுவோடு கூடவே இருந்த பாப் யங் என்பவரோடு சேர்ந்து 'மிஸ்டரி சாங்', 'லிவிங் ஆன் ஆன் ஐலண்ட்' போன்றவை. அப்புறம் 1979இல் 'வாட்டெவர் யூ வான்ட்'. 4ஆவது இடத்தைத் தொட்டது, குவோ என்றால் இன்றைக்கும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பாட்டுதான். அதை அவரோடு சேர்ந்து எழுதியவர் யார் தெரியுமா? ஆண்டி பௌன், அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர்! அரூர் நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் பகை என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்தப் பாட்டு கிட்டாரில் தொடங்கி மெல்லக் கட்டி எழும்பும், கீபோர்டு தன் இடம் பார்த்து உள்ளே வரும், இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காது.

நீங்கள் பார்த்த லைவ் எய்ட் வீடியோவில் முதல் பாட்டு 'ராக்கிங் ஆல் ஓவர் த வேர்ல்டு'. அது மட்டும் அவர்கள் எழுதியது இல்லை, அமெரிக்காவின் ஜான் ஃபோகர்ட்டி எழுதியது. 1977இல் குவோ எடுத்து வாசித்து 3ஆவது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஃபோகர்ட்டி வாசித்ததையும் இவர்கள் வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே பாட்டு, ஒரே கார்டுகள். வித்தியாசம் முழுக்க ரிதம் கையில் இருக்கிறது. அந்த 1985 ஜூலை 13 அன்று பட்டப்பகலில் வெம்ப்ளியில் 70 ஆயிரத்துக்கும் அதிகமான பேர் முதல் வரியிலேயே கை தூக்கிவிட்டார்கள் என்றால் அந்தக் கைதான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சரி, சத்தம். அவர் வாசித்தது 1965ஆம் வருஷத்து வெள்ளை ஃபெண்டர் டெலிகாஸ்டர். ரோஸியிடம் பச்சை டெலிகாஸ்டர். இரண்டும் ஒரே வகைக் கிட்டார்தான், ஆனால் ரிக் போட்டிருந்த கம்பிகள் சாதாரணமாக ராக் வாசிப்பவர்கள் போடுவதை விட நன்றாகத் தடித்தவை. தடித்த கம்பியை வளைத்து சோலோ வாசிப்பது கஷ்டம், ஆனால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சுருதி பிசகாது, கார்டு உடைந்து போகாது. உங்களுக்குச் சோனியாகக் கேட்பதற்கு முதல் காரணம் கம்பிதான். 9 கேஜ் (கம்பியின் தடிமன் எண், கூடினால் தடிப்பு) போட்டிருந்தால் கழற்றுங்கள். நேராகத் தடியான செட்டுக்குத் தாவாதீர்கள், 11 போட்டுக் கொஞ்ச நாள் பழகுங்கள். மாற்றும்போது கழுத்து கொஞ்சம் வளையும், கம்பி ஃபிரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்கே உள்ள பட்டை) எழும்பி நிற்கும், அதனால் ட்ரஸ் ராடு (கழுத்துக்குள் உள்ள இரும்புக் கம்பி) சரி செய்யத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வாசியுங்கள். கம்பி நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளம்) சிக்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சிக்கினால் சுருதி நிற்காது.

இரண்டாவது, பிக்கப் (கம்பி அதிர்வை எடுக்கும் கருவி) சுவிட்சைப் பிரிட்ஜ் (கம்பிகள் மாட்டியிருக்கும் அடிப்பக்கம்) பக்கம் வைத்து, ஆம்பில் டிஸ்டார்ஷனை, அதாவது கரகரப்பை, குறையுங்கள். இது நம் பசங்களுக்கு நம்பவே முடியாத விஷயம். கனமான சத்தம் வேண்டுமென்றால் டிஸ்டார்ஷனை ஏற்ற வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஏற்றினால் எல்லாம் குழைந்து கூழாகிவிடும், அடியின் முனை தெரியாது. கொஞ்சமாக உடைகிற சத்தம் போதும், மீதியைக் கை தர வேண்டும்.

மூன்றாவது, இடது கை. ஏ கார்டு என்றால் ஆறு கம்பியும் வேண்டாம். ஐந்தாவது கம்பியைத் திறந்து விட்டு, நாலாவது கம்பியில் இரண்டாவது ஃபிரெட்டை ஆள்காட்டி விரலால் பிடியுங்கள். இந்த இரண்டு கம்பி மட்டும். இப்போது இரண்டு அடி இப்படியே, அடுத்த இரண்டு அடிக்கு மோதிர விரலை அதே நாலாவது கம்பியில் நாலாவது ஃபிரெட்டில் வையுங்கள், மறுபடி எடுங்கள். விரல் போய்ப் போய் வருவதுதான் அந்த நடை. டி-க்கு ஒரு கம்பி கீழே நகர்த்துங்கள், இ-க்கு ஒரு கம்பி மேலே. ராக் அண்ட் ரோல் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற வழி இது, சக் பெர்ரி கிட்டாரில் கேட்கலாம். வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜில் லேசாகப் படட்டும், முழுக்கச் சாகடிக்காமல். முடிந்தவரை எல்லாம் கீழ்நோக்கிய அடி. காவேரிப்பட்டணம் தம்பி சொன்ன அந்த ஒலிக்காத 'கி'யை வாயால் சொல்லிக்கொண்டே அடியுங்கள். மெதுவாக. ரொம்ப மெதுவாக.


கிருஷ்ணகிரி_டீச்சர்

படித்துக்கொண்டே வந்தேன், நல்ல பேச்சு. நான் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு முதல் நாளே சோலோ வேண்டும். ரிதம் என்றால் அது சோலோ வராதவர்கள் வாசிப்பது என்று வீட்டிலேயே யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர்களுக்கு நான் காட்டுவது மால்கம் யங். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் பிறந்து, சிறுவனாக ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஏசி/டிசி என்ற ராக் குழுவைத் தொடங்கியவர். தன் கிரெட்ச் கிட்டாரில் தேவையில்லாத பிக்கப்புகளைக் கழற்றிவிட்டுப் பிரிட்ஜ் பிக்கப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். தம்பி ஆங்கஸ் முன்னால் ஓடி ஆடி சோலோ வாசிப்பார், அண்ணன் பின்னால் டிரம்ஸ் பக்கத்தில் நின்று முழுக் குழுவையும் நடத்துவார். ரிக் 2016 டிசம்பரில் போனார், மால்கம் 2017 நவம்பரில். ஒரு வருஷத்துக்குள் இரண்டு பெரிய ரிதம் கைகள் போய்விட்டன. எனக்கு அது நிஜமாகவே வீட்டில் துக்கம் மாதிரிதான் இருந்தது.

ஆனால் ரிக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு பக்கத்தை மட்டும் பேசிவிட்டுப் போகக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன். அவர் வாழ்க்கை லேசானது இல்லை. 1980இல் அவருடைய இரண்டு வயது மகள் ஹைடி வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்துபோனாள். அதைப் பற்றி நான் மேலே எதுவும் எழுத விரும்பவில்லை, பெற்றவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். குடி, போதைப்பொருள், சிகரெட் எல்லாம் இருந்தன, அவரே பேட்டிகளில் மறைக்காமல் பேசியிருக்கிறார். 1997இல் இதயத்தில் நாலு இடத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை. சில மாதத்தில் மறுபடி மேடை. 2011இல் மறுபடி மாரடைப்பு. மறுபடி மேடை. 2016 ஜூனில் துருக்கியில் அன்டால்யாவில் கச்சேரி முடிந்த கையோடு பெரிய மாரடைப்பு, அதற்குப் பிறகு குழுவோடு ஊர் ஊராகப் போகப்போவதில்லை என்று முடிவானது. அந்த வருஷம் டிசம்பர் 24, ஸ்பெயினில் மார்பெல்லாவில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். தோளில் பட்ட காயத்துக்காகச் சேர்ந்த இடத்தில் கடுமையான நோய்த்தொற்று. 68 வயது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாலக்கோடு தம்பி, நீங்கள் விடிய விடிய வாசித்துவிட்டு வேனில் தூங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாழ்க்கையில் குடி எவ்வளவு சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கே தெரியும். கச்சேரி முடிந்ததும் ஊர்க்காரர்கள் பாசத்தோடுதான் ஊற்றிக் கொடுப்பார்கள், அதனாலேயே மறுப்பது கஷ்டம். ரிக்குடைய கையை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே மேடையில் நின்ற ரோஸி ஒரு கட்டத்தில் குடியையும் போதையையும் விட்டவர், இன்றும் வாசிக்கிறார்.

தடித்த கம்பிக்கு மாறுகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். முழுக் கீழ் அடியை மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு அடித்தால் சீக்கிரமே நரம்பு பிடித்துக்கொள்ளும். முழங்கையிலிருந்து விழ விடுங்கள், பிக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள், வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.


காவேரிப்பட்டணம்_டிரம்ஸ்

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரிக் இடத்துக்கு வந்தவர் ரிச்சி மலோன், அயர்லாந்துக்காரர். ரிக்கைப் பார்த்தே கிட்டார் கற்றுக்கொண்டவர். அதாவது அந்தக் குழுவில் லீடு வாசிக்கிறவர் இருக்கிறார், கீபோர்டு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, ஆனாலும் "ரிதம் ஆள் இல்லாமலே ஓட்டிவிடலாம்" என்று நினைக்கவில்லை. அதே மாதிரி அடிக்கிற ஒரு ஆளைத் தேடி நிறுத்தினார்கள். பாலக்கோடு தம்பி, உங்கள் லீடரிடம் வாதம் பண்ண இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்புறம் 1991 செப்டம்பரில் ஒரே நாளில் ஷெஃபீல்டு, கிளாஸ்கோ, பர்மிங்காம், லண்டன் வெம்ப்ளி என்று நாலு ஊரில் பெரிய அரங்குகளில் வாசித்தார்கள். கின்னஸ் சாதனை. ஒரே நாளில் நாலு கச்சேரி, நாலிலும் அந்த வலது கை. ஆடி மாதத்தில் ஒரே ராத்திரியில் இரண்டு ஊர் வாசித்தவர்களுக்குத்தான் அது என்ன என்று புரியும்.


பாலக்கோடு_ரிதம்

டீச்சர் அக்கா, நீங்கள் சொன்னதை அப்படியே மனதில் வைத்துக்கொள்கிறேன். எங்கள் குழுவிலேயே நல்ல வாசிப்பு உள்ள ஒருத்தர் குடியால் வீணானதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

11 கேஜ் போட்டாகிவிட்டது. கழுத்தைச் சரி செய்து வாங்கினேன். இரண்டு கம்பி மட்டும் பிடித்து அந்த ஏ, டி, இ நடையை வாயால் த-கி-ட சொல்லிக்கொண்டு அடித்தேன். மெதுவாக அடிக்கும்போதுதான் தெரிகிறது, இதுவரைக்கும் நான் இடைவெளியைக் கவனித்ததே இல்லை. டிரம்மரிடமும் கேட்டேன். அவர் சொன்ன பதில்: "உன்னை மானிட்டரில் ஏற்றச் சொல்லி நானே கேட்க வேண்டும் என்றிருந்தேன்." அவரே லீடரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் காரிமங்கலம் பக்கம் ஒரு பண்டிகைக் கச்சேரி. அதில் வேகமான திஸ்ர நடைப் பாட்டுகள் மட்டும் நான் இந்த மாதிரி வாசிக்கலாம் என்றிருக்கிறேன், மெலடிக்கு ஒதுங்கிக்கொள்கிறேன். அரூர் அண்ணா, எங்கள் கீபோர்டுக்காரரிடம் எப்படிப் பேசினால் அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்?


அரூர்_கீபோர்டு

ஆண்டி பௌன் விஷயம் எனக்குப் புதிது, அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். நன்றாக இருக்கிறது. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி என்ற என் கருத்தில் பெரிதாக மாற்றம் இல்லை, ஆனால் இரண்டு வாத்தியமும் இடம் பிரித்துக்கொண்ட விதம் பாடமாகவே வைக்கலாம்.

உங்கள் கேள்விக்கு. "நீ குறைத்துக்கொள்" என்று ஆரம்பிக்காதீர்கள், எந்தக் கீபோர்டுக்காரருக்கும் சுருக்கென்று இருக்கும். "வேகமான பாட்டில் நடுப்பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்கு இடது கை ஓய்வு" என்று சொல்லுங்கள். ராத்திரி முழுக்க இரண்டு கையும் ஓடுகிறவனுக்கு அது வரம். இடது கை கார்டை அவர் எடுத்துவிட்டால், பேஸுக்கு மேலே பாடகருக்குக் கீழே இருக்கிற இடம் முழுக்க உங்களுக்குக் காலி. அவர் வலது கையில் மேலே உள்ள இடையிசை, புல்லாங்குழல், பெல்ஸ் மட்டும் வாசிக்கட்டும். மெலடியில் நீங்கள் சொன்ன மாதிரி ஒதுங்குங்கள், ஒரு பாட்டில் அடிக்காமல் சும்மா நிற்பதும் வாசிப்புதான் என்று அவருக்கும் தெரியும். சவுண்டுக்காரரிடம் முன்கூட்டியே எந்தெந்தப் பாட்டில் கிட்டாரை ஏற்ற வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கச்சேரி நடுவில் கையைக் காட்டினால் அவர் பார்க்க மாட்டார்.

பாட்டு வரிசையை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கீபோர்டு விலகலாம் என்று குறித்து அனுப்புகிறேன், ஸ்கேலையும் (பாட்டின் சுருதி) போட்டு அனுப்புங்கள்.